ஓட்டாத வண்டிக்கு ஓவர் ஸ்பீடு நோட்டீஸ்: கடலூர், புதுச்சேரிக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வருகிறது. உங்கள் வண்டி எண், ஒரு தேதி, ஒரு நேரம், ஒரு சாலையின் பெயர், வேக வரம்பை மீறியதற்கு ஆயிரம் ரூபாய் அபராதம். அந்த நேரத்தில் நீங்கள் அந்தப் பக்கமே போகவில்லை. இந்த நிலையில் பலர் "ஆயிரம் ரூபாய்தானே, யார் அலைவது" என்று கட்டிவிடுகிறார்கள். மற்றவர்கள் "நான் செய்யாத தப்புக்கு நான் ஏன் பயப்பட வேண்டும்" என்று அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறார்கள். இரண்டுமே கடைசியில் உங்கள் தலையில்தான் விடியும்.

கட்டினால் என்ன ஆகும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 200-ஆம் பிரிவுப்படி அந்த ஆயிரத்தை இணக்கத் தொகையாக (குற்றத்தைச் சமரசமாக முடிக்கக் கட்டும் தொகை) கட்டினால் வழக்கு அங்கேயே முடிந்துவிடும். அதற்குப் பிறகு "நான் ஓட்டவில்லை" என்று சொல்ல உங்களுக்கு இடம் இருக்காது. வேகத்துக்கான 183-ஆம் பிரிவில், கார், பைக் போன்ற இலகு ரக வண்டிக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை அபராதம். நடுத்தர, கனரக வண்டிக்கு 2,000 முதல் 4,000 வரை. 2019-இல் சட்டத்தைத் திருத்தியபோது, இரண்டாவது முறையும் அதே குற்றம் என்றால் ஓட்டுநர் உரிமத்தையே பிடித்து வைக்கலாம் என்றும் சேர்த்தார்கள். வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. செய்யாத முதல் குற்றத்தை ஒப்புக்கொண்டால், என்றைக்காவது நிஜமாகவே ஒரு தவறு நடக்கும்போது அது இரண்டாவது குற்றமாகிவிடும்.

கண்டுகொள்ளாமல் விட்டாலும் நிலுவை அப்படியே கணினியில் நிற்கும். எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) எடுக்க, வண்டியை விற்க, பெயர் மாற்றப் போகிற அன்றைக்கு அது முன்னால் வந்து நிற்கும். அதற்குள் கடை, வீட்டுக் கேமராப் பதிவு அழிந்திருக்கும், நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்பதற்கான சாட்சியும் போயிருக்கும்.

சரி, என்ன செய்வது? வரிசையாகப் பார்ப்போம்.

செய்தி உண்மையானதா என்று பாருங்கள்

போலிச் சலான் (அபராத நோட்டீஸ்) செய்திகள் நிறையச் சுற்றுகின்றன. வாட்ஸ்அப்பில் போலீஸ் சின்னத்தோடு ஒரு படம், கூடவே "உங்கள் சலானைப் பார்க்க" என்று ஏ.பி.கே. கோப்பு. அதை அமுக்கினால் போனுக்குள் ஒரு செயலி உட்கார்ந்துகொண்டு உங்களுக்கு வரும் ஓ.டி.பி.யை எல்லாம் படிக்கும். எந்த அரசுத் துறையும் வாட்ஸ்அப்பில் செயலிக் கோப்பு அனுப்பி அபராதம் கேட்பதில்லை. குறுஞ்செய்தியில் வரும் இணைப்பையும் தொடாதீர்கள். பிரவுசரைத் திறந்து, மத்திய அரசின் இ-சலான் பரிவாகன் தளத்துக்கு நீங்களே போங்கள். முகவரி "டாட் ஜிஓவி டாட் இன்" என்று முடிய வேண்டும். வேறு எப்படி முடிந்தாலும், பார்ப்பதற்கு எவ்வளவு அசலாக இருந்தாலும், வெளியே வந்துவிடுங்கள்.

தளத்தில் சலான் நிலையைப் பார்க்கும் பக்கத்தில் சலான் எண், வண்டி எண், ஓட்டுநர் உரிம எண் ஆகிய மூன்றில் எதை வைத்தும் தேடலாம். வண்டி எண்ணை வைத்துத் தேடினால் சேசிஸ் எண் அல்லது இன்ஜின் எண்ணின் கடைசி ஐந்து இலக்கத்தைக் கேட்கும். அது ஆர்.சி.யில் இருக்கிறது. அங்கே எதுவுமே காட்டவில்லை என்றால் செய்தி போலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஏற்கெனவே பணம் போய்விட்டது என்றால் தாமதிக்காமல் 1930-ஐக் கூப்பிடுங்கள். அது சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறீர்களோ, பணத்தை நடுவழியில் நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

நோட்டீஸ் எந்த மாநிலத்துடையது?

வெளியூரிலிருந்து வந்தவர்கள் இந்தப் பகுதியில் அதிகம் குழம்புவது இங்கேதான். கடலூரும் புதுச்சேரியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் இரண்டு போலீஸ், இரண்டு போக்குவரத்துத் துறை. கடலூரிலிருந்து கிளம்பி பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி ரெட்டிச்சாவடி போகிற வரை தமிழ்நாடு. முள்ளோடையில் புதுச்சேரி தொடங்கிவிடும். கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் எல்லாம் அந்தப் பக்கம். விழுப்புரம் சாலையில் வில்லியனூர் தாண்டினால் கண்டமங்கலம் தமிழ்நாடு, திருபுவனை மறுபடியும் புதுச்சேரி. புதுச்சேரி நகரத்திலிருந்து காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் மாணவர், நடுவில் கோட்டக்குப்பத்தில் விழுப்புரம் மாவட்டத்துக்குள் நுழைந்து, பிறகு மறுபடி புதுச்சேரிக்குள் வருகிறார். தினமும் போகிற வழிதான், ஆனால் எல்லைப் பலகையை யாரும் கவனிப்பதில்லை.

அதனால் சலானில் இடத்தின் பெயரை மட்டும் பார்க்காமல், அதை வெளியிட்டது எந்தக் காவல் துறை, எந்த யூனிட், எந்த அதிகாரி என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் வண்டி டிஎன் 31 ஆக இருந்தாலும், சலான் போட்டது புதுச்சேரி டிராபிக் போலீஸ் என்றால் மனு அங்கேதான் போக வேண்டும். கடலூர் எஸ்.பி. அலுவலகத்தில் அதை ரத்து செய்ய முடியாது. பிஒய் 01 வண்டி வைத்துக்கொண்டு கடலூரில் குடியிருப்பவர்களுக்கும் இதேதான். வண்டி எங்கே பதிவானது என்பது இதில் கணக்கில்லை, சம்பவம் எந்த எல்லைக்குள் நடந்தது என்பதுதான் கணக்கு.

படத்தைப் பார்க்காமல் எதுவும் செய்யாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். கேமரா மூலம் போடும் சலானுக்கு என்னென்ன இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167-ஏ என்ற விதி சொல்கிறது. 2021 ஆகஸ்டில் வந்த விதி அது. அதன்படி, குற்றத்தையும் நம்பர் பிளேட்டையும் தெளிவாகக் காட்டும் படம் இருக்க வேண்டும். கருவி அளந்த வேகம் இருக்க வேண்டும். தேதி, நேரம், இடம் இருக்க வேண்டும். சட்டத்தின் எந்தப் பிரிவு என்று சொல்ல வேண்டும். மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றும் வேண்டும். முன்பு அது இந்திய சாட்சியச் சட்டத்தின் 65-பி பிரிவுச் சான்று. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷிய அதினியம் வந்துவிட்டதால், இப்போது அதன் 63-ஆம் பிரிவு. சம்பவம் நடந்த 15 நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்பதும், சலான் முடிவுக்கு வரும் வரை பதிவை அழிக்கக் கூடாது என்பதும் அதே விதியில் உள்ளவை. கருவிக்கு ஒப்புதல் சான்று இருக்க வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கேமரா இருக்கிறது என்று மக்களுக்குத் தெரியும்படி அறிவிப்புப் பலகையும் வைக்க வேண்டும்.

15 நாள் தாண்டி வந்தது என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு உட்காராதீர்கள். மனுவில் அதுவும் ஒரு வரியாக இருக்கட்டும். உங்கள் பலம் படத்தில்தான் இருக்கிறது.

படத்தைத் தரவிறக்கிப் பெரிதாக்கிப் பாருங்கள். போனில் பார்த்தால் போதாது, முடிந்தால் கணினியில் பாருங்கள். வண்டியின் மாடல், நிறம், பின்பக்க விளக்கின் வடிவம், கண்ணாடி, சைடு ஸ்டாண்டு, சீட் கவர், ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர், பம்பரில் இருக்கும் கீறல், ஓட்டுபவரின் உருவம், பின்னால் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்பது வரை ஒவ்வொன்றையும் உங்கள் வண்டியோடு ஒப்பிடுங்கள். வித்தியாசங்களை ஒரு தாளில் எழுதுங்கள். இந்தத் தாள்தான் பிறகு மனுவாக மாறும்.

நம்பரை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். 1-ம் 7-ம், 8-ம் பி-யும், 0-வும் டி-யும் கேமராவுக்கு மாறிப்போகும் ஜோடிகள். கோயம்புத்தூர் தெற்கில் பதிவான டிஎன் 37 வண்டி, 7-இன் தலையில் கொஞ்சம் சேறு பட்டிருந்தால், கடலூரின் டிஎன் 31 ஆகத் தெரியும். மற்ற எழுத்துகளும் எண்களும் ஒன்றாக அமைந்துவிட்டால் அங்கே யாரோ வேகமாகப் போனதற்கு இங்கே உங்களுக்குச் சலான். படத்தில் ஆட்டோ நிற்கிறது, உங்களுடையது ஸ்கூட்டர் என்றால் வேலை சுலபம். ஒரே மாடல், ஒரே நிறம் என்றால்தான் கீறலும் ஸ்டிக்கரும் கைகொடுக்கும்.

படத்தில் எத்தனை வண்டிகள் இருக்கின்றன என்றும் எண்ணுங்கள். ரேடார் வகைக் கருவியின் கதிர் போகப் போக விரியும். பக்கத்தில் பெரிய பஸ் வந்தால் அதிலிருந்து திரும்பும் அலைதான் பலமாக இருக்கும். பஸ்ஸின் வேகம் பைக்கின் பெயரில் பதிவாக இடம் உண்டு. லேசர் கருவியில் கதிர் ஒடுக்கமானது என்பதால் இந்தச் சிக்கல் குறைவு, ஆனாலும் எந்த வண்டியைக் குறிவைத்தது என்பது படத்தில் தெரிய வேண்டும். ஈ.சி.ஆர். சாலையில் தனியார் பஸ்ஸுக்கு இணையாகப் போகும் பைக்குகள் சகஜம், அதனால் இதைச் சொல்கிறேன்.

படமே இல்லாமல், ஓர் அதிகாரி கண்ணால் பார்த்ததை வைத்து மட்டும் வேகச் சலான் போட்டிருந்தால் 183-ஆம் பிரிவின் மூன்றாவது உட்பிரிவை நினைவில் வையுங்கள். கருவியின் அளவீடு இல்லாமல், "வேகமாகப் போனதாக எனக்குத் தோன்றியது" என்ற ஒரே ஒரு சாட்சியின் கருத்தை மட்டும் வைத்து வேகக் குற்றத்துக்குத் தண்டிக்க முடியாது.

உங்கள் நிலை எது?

படத்தைப் பார்த்த பிறகு, பிரச்சினை எந்த வகை என்று உங்களுக்கே தெரிந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் வழி வேறு.

நம்பரைத் தவறாகப் படித்திருக்கிறார்கள் என்றால் அதுதான் எளிது. மனுவோடு உங்கள் ஆர்.சி. நகல், வண்டியின் முன், பின், பக்கவாட்டுப் படங்கள் வைத்தால் போதும்.

நம்பர் உங்களுடையதேதான், ஆனால் வண்டி உங்களுடையது இல்லை என்றால் கவனம். யாரோ உங்கள் எண்ணைப் போலியாக மாட்டிக்கொண்டு திரிகிறார்கள். இதில் ஆயிரம் ரூபாய் அபராதம் பெரிய விஷயமே இல்லை. நாளைக்கு அந்த வண்டி ஒருவரை இடித்துவிட்டு நிற்காமல் போனால், செயின் பறிப்புக்குப் பயன்பட்டால், போலீஸ் உங்கள் வாசலுக்குத்தான் வரும். அதனால் சலானை எதிர்ப்பதற்கு முன்பே காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். தமிழ்நாட்டில் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது) தருவார்கள், அதைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். தமிழ்நாடு காவல் துறையின் குடிமக்கள் சேவைத் தளத்திலும் புகாரைப் பதியலாம். ரசீதின் நகலைச் சலான் மனுவோடு இணையுங்கள். 2019 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த வண்டியாக இருந்தால் உங்களுடையது உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டாக இருக்கும். இடது மேல் மூலையில் அசோகச் சக்கர ஹாலோகிராம், கீழே லேசரில் பொறித்த தனி எண், கழற்றினால் மறுபடி மாட்ட முடியாத பூட்டு. படத்தில் உள்ள பிளேட்டில் அந்த ஹாலோகிராமோ நீல நிற முத்திரையோ இல்லை, எழுத்தின் வடிவமும் வேறு என்றால் மனுவில் அதை அழுத்திச் சொல்லுங்கள்.

வண்டியை விற்றுவிட்டீர்கள், ஆனால் பெயர் மாறவில்லை என்பது மூன்றாவது வகை. இந்தப் பக்கம் மிக அதிகம் நடப்பது இதுதான். ஜிப்மரிலோ பல்கலைக்கழகத்திலோ படிப்பு முடிந்து ஊருக்குப் போகிற மாணவர், பைக்கை ஜூனியரிடம் கொடுத்துவிட்டு, ஒரு வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். நெய்வேலியில், சிப்காட்டில் ஒப்பந்த வேலை முடிந்து கிளம்புகிறவர்களும் அப்படியே. 50-ஆம் பிரிவுப்படி, அதே மாநிலத்தில் பதிவான வண்டி என்றால் விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். வேறு மாநிலப் பதிவு என்றால் விற்றவருக்கு 45 நாள், கூடவே தடையின்மைச் சான்று. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, படிவம் 30 என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டால் தெரியும். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர் என்று 2018-இல் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. எனவே விற்ற ரசீதும் வாங்கியவரின் அடையாளச் சான்றும் உங்கள் மனுவுக்கு உதவும், ஆனால் பெயர் மாற்றத்தை முடிக்கும் வரை நீங்கள் பிரச்சினையிலிருந்து வெளியே வரவில்லை. பழைய வண்டிக் கடையில் விட்டிருந்தால், 2023 ஏப்ரல் 1 முதல் அங்கீகாரம் பெற்ற டீலருக்குப் படிவம் 29-சி என்று ஒன்று உண்டு. வண்டி அவர் கைக்குப் போன நாளை அது பதிவு செய்யும். கடைக்காரரிடம் அதைக் கேளுங்கள்.

நான்காவது, வண்டி உங்களுடையது, ஓட்டியது வேறொருவர். தம்பியோ, அறை நண்பரோ, கடையில் வேலை செய்பவரோ. வேகக் குற்றம் முதலில் ஓட்டியவருடையது. ஆனால் போலீஸ் கேட்டால் ஓட்டியவர் பெயர், முகவரி, உரிம விவரத்தைத் தர வேண்டிய கடமை 133-ஆம் பிரிவில் உரிமையாளருக்கு இருக்கிறது. உண்மையைச் சொல்லுங்கள். உங்களைக் காப்பாற்ற, ஓட்டாத ஒருவர் பெயரைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். ஓட்டியவர் 18 வயது ஆகாத பிள்ளை என்றால் விஷயமே வேறு. 199-ஏ பிரிவில் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. அப்போது வக்கீலைப் பார்க்காமல் எதையும் எழுதிக் கொடுக்க வேண்டாம்.

சாட்சியை இன்றைக்கே சேருங்கள்

மனு எழுதுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. கடைகளின், அபார்ட்மென்ட்டுகளின் சி.சி.டி.வி. பதிவு சில வாரங்களில் தன்னால் அழிந்து புதிது ஏறிவிடும். அந்த நேரத்தில் வண்டி எங்கே நின்றதோ, அங்கே இன்றைக்கே போய்க் கேளுங்கள். திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்து டூ வீலர் ஸ்டாண்டில் விட்டிருந்தால் டோக்கனைத் தேடுங்கள், கூடவே அந்த நாளின் ரயில் டிக்கெட்டையும். வண்டி சர்வீஸில் இருந்தது என்றால் ஒர்க் ஷாப்பின் ஜாப் கார்டு மிக வலுவான சான்று, ஏனென்றால் அதில் வண்டி எண், உள்ளே வந்த நேரம், சில இடங்களில் ஓடிய கிலோமீட்டர் வரை இருக்கும். வேலை இடத்து வருகைப் பதிவு, மருத்துவமனை ஓ.பி. சீட்டு, பெட்ரோல் பங்க் பில், யு.பி.ஐ. பரிவர்த்தனை, போனில் இருக்கும் இட வரலாறு எல்லாமே உதவும். கார் என்றால் ஃபாஸ்டேக் கணக்கை எடுங்கள். திண்டிவனம் சாலையில் மொரட்டாண்டி சுங்கச்சாவடியை நீங்கள் தாண்டிய அதே நேரத்தில் கார் கடலூருக்குத் தெற்கே வேகமாகப் போனதாகச் சலான் சொன்னால் அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை.

ஒன்றைக் கவனியுங்கள். யு.பி.ஐ. பில்லும் வருகைப் பதிவும் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்றுதான் சொல்லும், வண்டி எங்கே இருந்தது என்று சொல்லாது. இரண்டுக்கும் தனித்தனியாகச் சான்று தேடுங்கள்.

மனு எப்படி எழுதுவது

இ-சலான் தளத்திலேயே புகார் பதிவு செய்யும் பகுதி இருக்கிறது. சலான் எண்ணைக் கொடுத்து, என்ன தவறு என்று எழுதி, சான்றை ஏற்றினால் ஒரு டிக்கெட் எண் தரும். அதைச் செய்யுங்கள். ஆனால் அதோடு நிறுத்தாமல், சலான் போட்ட டிராபிக் யூனிட்டுக்கு ஒரு தாளிலும் மனு கொடுங்கள். கணினிப் புகாரை எப்போது யார் பார்ப்பார்கள் என்பது நம் கையில் இல்லை. நேரில் கொடுத்த மனுவில் தேதியும் முத்திரையும் இருக்கும்.

நீளமாக எழுத வேண்டாம். கோபமும் வேண்டாம். படிக்கிற அதிகாரிக்கு ஒரு நிமிடத்தில் விஷயம் புரிய வேண்டும். கீழே இருப்பதைப் போல எழுதினால் போதும்:

"பொருள்: சலான் எண் ______, நாள் ______ — தவறாக வழங்கப்பட்டது, ரத்து செய்யக் கோருதல்.

ஐயா / அம்மா, வணக்கம். ______ என்ற எண் கொண்ட வாகனத்தின் பதிவு பெற்ற உரிமையாளர் நான். மேற்கண்ட சலானில் ______ அன்று ______ மணிக்கு ______ என்ற இடத்தில் என் வாகனம் வேக வரம்பை மீறியதாகக் கூறப்பட்டுள்ளது. சலானில் உள்ள படத்தில் இருப்பது என் வாகனம் அல்ல. என் வாகனம் ______ நிற ______ மாடல். படத்தில் இருப்பது ______. மேலும் ______, ______ ஆகிய வேறுபாடுகளும் உள்ளன. அந்த நேரத்தில் என் வாகனம் ______ இல் இருந்தது. அதற்கான சான்று இணைப்பு 3. இந்தச் சலானுக்கு நான் தொகை எதுவும் செலுத்தவில்லை, குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் இல்லை. முழுப் படத்தையும் கருவியின் செல்லுபடியாகும் ஒப்புதல் சான்றின் நகலையும் வழங்கி, சலானை ரத்து செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்."

இணைப்புகளுக்கு எண் போடுங்கள். அசல் எதையும் கொடுக்காதீர்கள், நகல் மட்டும். மனுவின் இரண்டாவது பிரதியில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். தர மறுத்தால் சண்டை போட வேண்டாம். தபால் நிலையத்துக்குப் போய், சேர்ந்ததற்கான சான்று கேட்டு ஸ்பீடு போஸ்டில் அனுப்பிவிடுங்கள்.

தமிழ் தெரியாமல் புதிதாக வந்தவர்கள் ஆங்கிலத்திலேயே எழுதலாம், கடலூரிலும் புதுச்சேரியிலும் வாங்கிக்கொள்வார்கள். ஆனால் நேரில் போகும்போது தமிழ் பேசுகிற ஒருவரைக் கூட்டிப்போனால் பேச்சு சுலபமாக நகரும். மரியாதையாக, "சார், படத்தை ஒரு தடவை பாருங்க" என்று கணினியில் பெரிதாக்கிக் காட்டச் சொல்லுங்கள். வண்டியையே ஓட்டிக்கொண்டு போவது இன்னும் நல்லது. படமும் வண்டியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் பாதி மனுக்களுக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும்.

பதிலே வரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம். அந்தக் காவல் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி, முழுப் படம், கருவியின் வரிசை எண், சம்பவ நாளில் அதற்கு இருந்த ஒப்புதல் சான்று, என் மனுவின் மேல் எடுத்த நடவடிக்கை என்று நான்கையும் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அந்தக் கேள்விகள் போய்ச் சேர்ந்ததுமே கோப்பை யாராவது எடுத்துப் பார்ப்பார்கள்.

நீதிமன்றத்துக்குப் போனால்

நோட்டீஸில் போட்டிருக்கும் கெடு நாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். மனு கொடுத்திருக்கிறோமே என்று அதைத் தாண்ட விடாதீர்கள். கட்டாத சலான்கள் மெய்நிகர் நீதிமன்றத்துக்கு (இணையத்திலேயே நடக்கும் நீதிமன்றம்) போகலாம். உங்கள் சலான் அங்கே போயிருந்தால், அதன் தளத்தில் சலான் எண்ணைப் போட்டதும் அபராதம் கட்டுகிறேன், வழக்கை எதிர்க்கிறேன் என்று இரண்டு வழி காட்டும். செய்யாத குற்றம் என்றால் எதிர்க்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். வழக்கு அந்தப் பகுதி நீதிமன்றத்துக்கு மாறும், அங்கிருந்து தேதி வரும். பயப்பட ஒன்றும் இல்லை. அபராத வழக்கு இது, யாரும் உங்களைக் கைது செய்ய வரப் போவதில்லை. ஆனால் சொன்ன தேதியில் நிற்க வேண்டும். அதைத் தவறவிட்டால்தான் சம்மன், வாரன்ட் என்று பெரிதாகும்.

வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நாடுங்கள். கடலூரிலும் உண்டு, புதுச்சேரியிலும் உண்டு. பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோருக்கு இலவசமாக வக்கீல் கிடைப்பார். 15100 என்ற எண்ணில் கேட்கலாம். மக்கள் நீதிமன்றத்தில் அபராதத்தைக் குறைத்துக் கட்டிவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். உண்மையில் தவறு செய்தவருக்கு அது நல்ல வழி. செய்யாதவர் அங்கே போய்க் குறைத்துக் கட்டினாலும் அது ஒப்புக்கொண்டதாகத்தான் ஆகும்.

புதிதாக வந்தவர்கள் முன்கூட்டியே செய்து வைக்க வேண்டியவை

பழைய வண்டி வாங்கியிருந்தால் வண்டிப் பதிவில் யாருடைய போன் எண் இருக்கிறது என்று பாருங்கள். முந்தைய உரிமையாளரின் எண் இருந்தால் உங்கள் சலான் செய்தி எல்லாம் அவருக்குத்தான் போகும். பரிவாகன் தளத்திலேயே எண்ணை மாற்றலாம். வீடு மாறினால் 30 நாளுக்குள் முகவரியைத் தெரிவிக்க வேண்டும். வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கத்திய எண்ணுக்கு மாற வேண்டும். முள்ளோடைக்கு அந்தப் பக்கம் வேலை, இந்தப் பக்கம் வீடு என்று இருப்பவர்களுக்கு இது அடிக்கடி மறந்துபோகும்.

உங்கள் வண்டியை நாலு பக்கமும் படம் எடுத்துப் போனில் வையுங்கள். சர்வீஸ் விட்ட பில், ஸ்டாண்டு டோக்கன் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள். மாதம் ஒரு முறை வண்டி எண்ணைப் போட்டு நிலுவை இருக்கிறதா என்று பார்ப்பதும் நல்லது. தாமதமாகத் தெரிந்தால்தான் சாட்சி கிடைப்பது கஷ்டம்.

சலானை ரத்து செய்துவிட்டதாக வாய்மொழியாகச் சொன்னால் அதோடு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். எழுத்தில் கேளுங்கள். ஒரு வாரம் கழித்துத் தளத்தில் போய், நிலுவை நீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இன்னும் நின்றுகொண்டிருந்தால், முத்திரை போட்ட மனுப் பிரதியையும் டிக்கெட் எண்ணையும் எடுத்துக்கொண்டு அதே யூனிட்டுக்கு மறுபடி போங்கள். நீங்கியிருந்தால் அந்தப் பக்கத்தை அச்செடுத்து ஆர்.சி.யோடு வையுங்கள், அடுத்த எஃப்.சி.க்கோ பெயர் மாற்றத்துக்கோ போகும்போது கையில் இருக்கட்டும்.